நிறுத்துவதும் ஓட்டுவதும் ஒரே உப்பு: இதய அறுவையில் பொட்டாசியத்தின் கதை



மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "சார், பாடம் எடுத்துடாதீங்க. எல்லா பேட்ச்காரங்களும் படிக்கிற மாதிரி இருக்கணும்" என்றார்கள். நியாயமான வேண்டுகோள்தான். ஆகவே நாம் அனைவரும் தினமும் கையாண்ட, ஆனால் அதிகம் நின்று யோசிக்காத ஒரு பொருளின் வரலாற்றை எழுத எடுத்துக்கொண்டேன். அது பொட்டாசியம்.

"சிஸ்டர், ஒரு ஆர்.எல். போடுங்க" என்று சொல்லாமல் ஒரு டியூட்டியை முடித்த டாக்டர் நம்மில் உண்டா? அந்த 'ஆர்' என்பது சிட்னி ரிங்கர் என்ற லண்டன் மருத்துவரின் பெயர். 'எல்' என்பது 1930களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் சேர்த்த லாக்டேட். பாட்டிலில் பெயர் நிற்கிறது, மனிதரை மறந்துவிட்டோம். நம் கதை அந்த ரிங்கரிடமிருந்துதான் தொடங்குகிறது.

குழாய்த் தண்ணீர் சொன்ன பாடம்

ரிங்கர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் பணியாற்றியவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் ஆய்வுக்கூடத்தில்தான். தவளையின் இதயத்தை வெளியே எடுத்து, எந்தத் திரவத்தில் அது அதிக நேரம் துடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். 1882இல் வெளியிட்ட கட்டுரையில், சாதாரண உப்புக் கரைசலிலேயே இதயம் நன்றாகத் துடிக்கிறது என்ற பொருளில் எழுதிவிட்டார்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தக் கரைசல் வாலை வடிநீரில் தயாரிக்கப்படவில்லை. லண்டனுக்குக் குடிநீர் வழங்கிய நியூ ரிவர் கம்பெனியின் குழாய்த் தண்ணீரில் கலக்கப்பட்டிருந்தது. வடிநீரில் உப்பைக் கரைத்துத் திரும்பச் செய்து பார்த்தார். இதயம் சிறிது நேரத்தில் சோர்ந்து நின்றுவிட்டது. குழாய் நீரில் இருந்த கால்சியம்தான் அதுவரை அதை ஓட்டியிருக்கிறது!

ரிங்கர் இதை மறைக்கவில்லை. 1883இல் இன்னொரு கட்டுரை எழுதித் தன் முடிவைத் தானே திருத்தினார். அதோடு நிற்காமல் ஒவ்வோர் உப்பாகக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். கால்சியம் மட்டும் அதிகமானால் இதயம் சுருங்கியபடியே இறுகிப்போகிறது. பொட்டாசியம் அதிகமானால் விரிந்த நிலையிலேயே தளர்ந்து நின்றுவிடுகிறது. இரண்டும் தக்க அளவில் இருந்தால் மணிக்கணக்கில் ஓடுகிறது. எந்த உப்பு இருக்கிறது என்பதைவிட எவ்வளவு இருக்கிறது என்பதுதான் இதயத்துக்கு முக்கியம் என்று காட்டியவர் அவர்.

இதை நம்மில் மூத்தவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். முதலாண்டு பிசியாலஜி பிராக்டிகலில், புகை படிந்த தாள் சுற்றிய டிரம்மில், தவளை இதயம் எழுதிய கோடுகள் நினைவிருக்கும். பொட்டாசியம் குளோரைடு சில சொட்டு விட்டதும் கோடு படுத்துவிடும். ரிங்கர் கரைசலால் கழுவினால் மறுபடியும் எழுந்து ஓடும். இன்றைய மாணவர்கள் இதைக் கணினித் திரையில் பார்க்கிறார்கள். தவளைகளுக்கு நல்ல காலம்.

எதற்காக இதயத்தை நிறுத்த வேண்டும்?

இனி அறுவை அரங்குக்கு வருவோம். 1953ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் என்ற சர்ஜன், இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு 18 வயதுப் பெண்ணின் மேலறைச் சுவரிலிருந்த ஓட்டையை அடைத்தார். 26 நிமிடங்கள் அந்தப் பெண்ணின் உயிரை இயந்திரமே தாங்கியது. திறந்த இதய அறுவையின் வாசல் அன்று திறந்தது.

ஆனால் உள்ளே போனவர்களுக்கு உடனே ஒரு சிக்கல். இயந்திரம் உடலுக்கு ரத்தம் கொடுக்கிறது. இதயமோ பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கிறது. துடிக்கிற தசையில், ரத்தம் பொங்கும் குழியில், நூலிழைத் தையல் போடுவது எப்படி? மகாதமனியைக் கிளாம்ப் போட்டு அடைத்தால் கரோனரி நாளங்களுக்கும் ரத்தம் நின்றுவிடும். களம் சுத்தமாகும். ஆனால் பட்டினியில் துடிக்கும் இதயம் தன்னிடமுள்ள சக்தியைச் சில நிமிடங்களில் தின்று தீர்த்துவிடும்.

அப்படியானால் அதை முதலிலேயே நிறுத்திவிட்டால்? நின்ற இதயத்துக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், துடிக்கும் இதயத்தின் தேவையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். வண்டி நிற்கும்போது எஞ்சினை அணைத்து வைப்பது போல. எதை வைத்து அணைப்பது? ரிங்கர் காலத்திலிருந்தே விடை தெரியும்: பொட்டாசியம்.

1955: மெல்ரோஸின் துணிச்சல்

லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் டெனிஸ் மெல்ரோஸ் என்பவர் இருந்தார். சொந்தமாக ஓர் இதய நுரையீரல் இயந்திரமே வடிவமைத்தவர். அவரும் அவர் குழுவினரும் 1955இல் லான்செட் இதழில் தங்கள் முறையை வெளியிட்டார்கள். மகாதமனியைக் கிளாம்ப் செய்து, அதன் அடிப்பகுதிக்குள் பொட்டாசியம் சிட்ரேட் கலந்த ரத்தத்தைச் செலுத்தினால் இதயம் அமைதியாக நிற்கிறது. கிளாம்ப்பை எடுத்து நல்ல ரத்தத்தால் கழுவினால் மீண்டும் துடிக்கிறது. அடுத்த ஆண்டே, 1956இல், அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் டொனால்ட் எஃப்ளர் குழுவினர் இதை நோயாளிகளிடம் செய்து காட்டினார்கள். பல மையங்கள் பின்பற்றின. அசையாத, ரத்தமில்லாத இதயத்தில் நிதானமாகத் தைக்கலாம் என்றால் எந்த சர்ஜனுக்குத்தான் ஆசை வராது?

பிறகு கெட்ட செய்திகள் வரத் தொடங்கின. சில நோயாளிகளின் இதயம் துடிக்கத் தொடங்கியும் வலுவில்லாமல் இருந்தது. இறந்தவர்களின் இதயத்தை வெட்டிப் பார்த்தபோது தசைத் திசு ஆங்காங்கே செத்திருந்தது. 1959இல் ஹெல்ம்ஸ்வொர்த் குழுவினரும், 1960இல் மக்ஃபார்லண்ட் குழுவினரும் இதைப் பதிவு செய்தார்கள். "பொட்டாசியமா? வேண்டவே வேண்டாம்" என்று உலகமே கையை உதறிவிட்டது.

இப்போது அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். மெல்ரோஸின் கலவையில் பொட்டாசியம் சிட்ரேட் லிட்டருக்கு 77 மில்லிமோல். ஒவ்வொரு சிட்ரேட்டோடும் மூன்று பொட்டாசியம் ஒட்டியிருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். ஆக, பொட்டாசியம் மட்டும் லிட்டருக்கு 200 மில்லிமோலுக்கும் மேல்! நம் ரத்தத்தில் இருப்பது 3.5 முதல் 5 வரை. ஐம்பது மடங்கு! கூடவே சிட்ரேட், இதயத்துக்குத் தேவையான கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். கரைசலின் அடர்த்தியோ செல்லே தாங்காத அளவு.

இதயத்தை நிறுத்த இவ்வளவு தேவையா என்றால், தேவையே இல்லை. இதயத் தசைச் செல்லுக்குள் பொட்டாசியம் சுமார் 140; வெளியே 4. இந்த ஏற்றத்தாழ்வால்தான் செல்லுக்குள் ஏறக்குறைய மைனஸ் 90 மில்லிவோல்ட் மின்னழுத்தம் நிற்கிறது. வெளியே பொட்டாசியத்தை 16 அல்லது 20 ஆக்கினாலே போதும். மின்னழுத்தம் மைனஸ் 50 பக்கம் வந்துவிடும். சோடியம் நுழையும் கால்வாய்கள் தாழ்போட்டுக்கொள்ளும். அடுத்த துடிப்பு பிறக்காது. இதயம் தளர்ந்த நிலையில் நிற்கும். இதற்கு மேலே ஏற்றிக்கொண்டே போனால் நன்மை கூடாது. கால்சியம் உள்ளே புகுந்து தசை இறுகத் தொடங்கும். பூட்டைத் திறக்கச் சாவி போதும் என்றிருக்க, கடப்பாரையால் கதவையே பெயர்த்தது போல ஆயிற்று.

குற்றவாளி பொட்டாசியம் அல்ல, அதன் அளவும் கூட வந்த சிட்ரேட்டும்தான். ஆனால் அன்று தண்டனை பெற்றது பொட்டாசியம்.

வனவாச காலம்

அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாலான சர்ஜன்கள் பொட்டாசியம் இல்லாமலே சமாளித்தார்கள். சிலர் கரோனரி நாளங்களுக்குள் குழாய் செருகித் தனியே ரத்தம் கொடுத்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் நார்மன் ஷம்வே குழுவினர் ஐஸ் போன்ற உப்புக் கரைசலை இதயத்தைச் சுற்றி ஊற்றிக் குளிரவைத்தார்கள். வேறு பலர் சில நிமிடம் கிளாம்ப், சில நிமிடம் ரத்தம் என்று மாற்றி மாற்றிக் கடிகாரத்தோடு ஓடினார்கள். நம் பக்கத்தில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1961இல் திறந்த இதய அறுவை வெற்றிகரமாக நடந்தது. அதாவது, உலகம் பொட்டாசியத்தை ஒதுக்கி வைத்திருந்த அதே காலம்.

இதற்குக் கொடுத்த விலை என்ன? 1972இல் ஹூஸ்டனின் டென்டன் கூலி குழுவினர் ஒரு பயங்கர நிலைக்குப் பெயர் வைத்தார்கள்: கல் இதயம். அறுவை முடிந்து கிளாம்ப்பை எடுத்தால் இதயம் விரியாது; கல்லாக இறுகியிருக்கும். சக்தி தீர்ந்துபோன தசையிலிருந்து கால்சியத்தை வெளியேற்ற முடியாமல் வரும் இறுக்கம் அது. ரிங்கர் தவளையில் பார்த்த அதே இறுக்கம், இப்போது மனித நெஞ்சுக்குள். தையல் அத்தனையும் சரியாக இருந்தும் நோயாளி மேஜையை விட்டு எழவில்லை. காப்பாற்றக்கூடிய ஒரு முறை அளவுக் கோளாறால் பரணில் கிடந்தபோது நடந்தவை இவை. இதை வெறும் அறிவியல் சர்ச்சை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

எல்லோரும் கைவிட்டுவிடவில்லை. ஜெர்மனியில் பிரெட்ஷ்னைடர், சோடியத்தை வெகுவாகக் குறைத்து, புரோக்கெயின் சேர்த்து இதயத்தை நிறுத்தும் வழியை 1960களில் வளர்த்தார். அதன் வழிவந்த ஹிஸ்டிடின் கலந்த கரைசல் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. 1966இல் சிம்மர்மன், ஹியூல்ஸ்மன் என்ற இருவர் எலியின் இதயத்தில் வேறொரு பொறியைக் கண்டுபிடித்தார்கள். கால்சியமே இல்லாத கரைசலில் சிறிது நேரம் ஓடவிட்டு மறுபடி கால்சியம் கொடுத்தால் செல்கள் சிதைந்துவிடுகின்றன. அதிகமும் ஆபத்து, அடியோடு இல்லாமையும் ஆபத்து.

திரும்பி வந்த பொட்டாசியம்

1973இல் அமெரிக்காவில் கே, எபர்ட் இருவரும் பழைய வழக்கை மறுவிசாரணைக்கு எடுத்தார்கள். பொட்டாசியத்தை லிட்டருக்கு 25 மில்லிமோல் அளவில் வைத்து நாய்களின் இதயத்தை ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள். இதயம் சேதமின்றி மீண்டது. 1975இல் டைர்ஸ் குழுவினர் மெல்ரோஸ் கலவையையே பிரித்து ஆராய்ந்து, சேதத்துக்குக் காரணம் அதன் மிதமிஞ்சிய அடர்த்தி என்று காட்டினார்கள். இருபது வருடத்துக்குப் பிறகு பொட்டாசியத்துக்கு விடுதலை!

அதே 1975இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் மார்க் பிரைம்பிரிட்ஜ் என்ற சர்ஜனும் டேவிட் ஹெர்ஸ் என்ற ஆய்வாளரும் தங்கள் கரைசலை நோயாளிகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பொருளையும் எலியின் இதயத்தில் படிப்படியாக அளந்து அளந்து முடிவு செய்த கலவை அது. பொட்டாசியம் 16 மில்லிமோல், மெக்னீசியம் 16, புரோக்கெயின் 1. இதை 20 மி.லி. ஆம்பூலில் அடைத்து, ஒரு லிட்டர் ரிங்கர் கரைசலில் சேர்க்க வேண்டும். ரிங்கரில் ஏற்கெனவே உள்ள 4 சேர்ந்து பொட்டாசியம் 20 ஆகிறது. தேவையான சிறிதளவு கால்சியமும் ரிங்கரிலிருந்தே வந்துவிடுகிறது. 4 டிகிரிக்குக் குளிரவைத்துச் செலுத்தினால் இதயம் நிற்கிறது.

இந்தியாவிலும் எத்தனையோ தியேட்டர்களில் இந்த ஆம்பூலைத்தான் உடைத்து ஊற்றினார்கள். அவசரத்தில் "பிளீஜியா ரெடியா?" என்று கேட்கிறவர்களுக்கு, தவளை இதயத்தோடு மல்லுக்கட்டிய அந்த மனிதரின் கரைசல்தான் அடியில் இருக்கிறது என்பது நினைவுக்கு வருவதில்லை.

1978இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜெரால்ட் பக்பர்க் குழுவினர் மீண்டும் ரத்தத்தோடு பொட்டாசியத்தைக் கலக்கும் முறையை முன்வைத்தார்கள். ரத்தம் என்பது மெல்ரோஸின் யோசனைதான். இம்முறை அளவு மட்டும் மாறியிருந்தது. பின்னர் குழந்தைகளுக்காக லிடோக்கெயின் சேர்த்து உருவான டெல் நீடோ கரைசல் பெரியவர்களுக்கும் பரவியிருக்கிறது.

கிளாம்ப் எடுத்த பிறகு

நிறுத்திய கதை இத்தோடு முடிந்தது. ஓட்டும் கதை ஐ.சி.யூ.வில் தொடங்குகிறது. அதே பொட்டாசியம், இப்போது எதிர்முனையிலிருந்து.

அறுவை முடிந்தவுடன் பிளீஜியாவின் மிச்சம் ரத்தத்தில் கலந்து பொட்டாசியம் ஏறலாம். ஈ.சி.ஜி.யில் டி அலை கூடாரம் போல எழும். சிறுநீரகம் சோர்ந்திருந்தால் ஆபத்து. அடுத்த சில மணி நேரத்தில் நிலைமை தலைகீழ். சிறுநீர் வெள்ளமாகப் போகும். அதோடு பொட்டாசியமும் மெக்னீசியமும் போகும். இன்சுலின் கொடுத்தால் பொட்டாசியம் செல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். ரத்தத்தில் குறைந்தால் துடிப்பு தாளம் தப்பும். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு, வருடக்கணக்கில் டிஜாக்சினும் ஃப்ரூசமைடும் சாப்பிட்டு வந்த நம் ஏழை நோயாளிகளுக்கு இது இரட்டை ஆபத்து. பொட்டாசியம் குறைந்த உடம்பில் டிஜாக்சின் விஷமாக மாறத் தயங்காது. ஏற்றிய ரத்தமும் சும்மா இருக்காது. சேமித்து வைத்த ரத்தத்தில் செல்களிலிருந்து பொட்டாசியம் கசிந்திருக்கும். அதிலுள்ள சிட்ரேட் கால்சியத்தை இறக்கும்.

இதையெல்லாம் அளக்கும் வசதி எளிதில் வந்துவிடவில்லை. 1940களில் வந்த பிளேம் போட்டோமீட்டர்தான் முதல் பெரிய உதவி. மாதிரியைத் தீயில் தெளித்தால் சோடியம் மஞ்சளாகவும் பொட்டாசியம் ஊதாவாகவும் ஒளிரும். அந்த ஒளியை அளந்து கணக்கிடுவார்கள். நம் பழைய மாணவர்கள் எத்தனை பேர் ராத்திரியில் சாம்பிளைக் கையில் பிடித்துக்கொண்டு பயோகெமிஸ்ட்ரி லேபுக்கு ஓடியிருப்போம்! "கே எவ்வளவுடா வந்திருக்கு?" என்ற கேள்விக்குப் பதில் வர ஒரு மணி நேரமாகும். இன்று ஐ.சி.யூ. மூலையிலேயே உள்ள இயந்திரம் சில நிமிடத்தில் சொல்லிவிடுகிறது.

1999இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வார் குழுவினர், இதய அறுவைக்கு வந்த 2,402 பேரை ஆராய்ந்து, அறுவைக்கு முன் பொட்டாசியம் 3.5க்குக் கீழே இருந்தவர்களுக்குத் தாளக் கோளாறு அதிகம் வந்ததைப் பதிவு செய்தார்கள். குறைவு ஆபத்து என்றால் நிறைய இருப்பது நல்லது என்று மனம் சொல்லும் அல்லவா? அப்படியே ஒரு பழக்கம் பரவியது. பல ஐ.சி.யூ.க்களில் "4.5க்கு மேல வச்சுக்கோ" என்பது வேதவாக்காயிற்று. இறங்கினால் உடனே கே.சி.எல்.

உண்மையில் அது தேவையா என்று யாராவது கேட்டார்களா? பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் 23 மையங்களில் பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,690 பேரிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு 4.5க்குக் கீழே இறங்கியதும் பொட்டாசியம், மறுபாதிக்கு 3.6க்குக் கீழே இறங்கினால் மட்டும். 2024இல் முடிவு வந்தது. மேலறைத் தாளக் கோளாறு முதல் பிரிவில் 26.2 சதவீதம், இரண்டாவதில் 27.8 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆண்டாண்டுகளாக ஊற்றிய கே.சி.எல்.லில் ஒரு பகுதி, பழக்கதோஷத்தால் ஊற்றியதுதான்.

கே.சி.எல். தண்ணீர் அல்ல என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? நீர்க்காத ஆம்பூலை நேராக நரம்பில் ஏற்றினால், மேஜையில் நோயாளியைக் காப்பாற்றிய அதே வேலையை வார்டில் செய்துவிடும். திரும்ப ஓட்ட அங்கே இயந்திரம் இராது. 1998இல் அமெரிக்க மருத்துவமனைகளின் அங்கீகாரக் குழு வெளியிட்ட முதல் எச்சரிக்கை அறிக்கையே இந்த ஆம்பூலைப் பற்றித்தான்.

இளையவர்களுக்கு ஒரு வார்த்தை

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பெரியவர்கள் சொன்னார்கள். நஞ்சு என்று ஒதுக்கியதும் அளவோடு வந்தால் உயிர் காக்கும் என்பது இந்த வரலாறு சேர்க்கும் மறுபாதி. 1955இல் எவ்வளவு என்று அளந்து பார்க்காமல் ஏற்றார்கள். 1960இல் எவ்வளவு என்று கேட்காமலே தள்ளினார்கள். இரண்டுக்கும் நோயாளிகள் விலை கொடுத்தார்கள்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே! நாளை ஒரு சீனியர் உங்களிடம் "இந்த மருந்து உதவாது" என்றோ, "இது எல்லாருக்கும் போடு" என்றோ சொன்னால் மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அதே மரியாதையோடு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எவ்வளவு சார்?" கேட்கப்படும் சீனியர்களான நாமும் கோபப்படாமல் பதில் சொல்வோம். பதில் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுவோம்.

சந்திப்புக்கு வந்திருக்கும் அனைவருக்கும் என் அன்பு வணக்கம். எல்லோருடைய பொட்டாசியமும் நாலும் சொச்சமுமாக இருக்கட்டும்!